பாம்பு பொழங்கற வளவு

வாங்க அம்மிணி, வாங்க. கீழ பாத்துக் கால் வெய்யுங்க. அந்தக் கல்லுச் சந்துல மட்டும் மிதிச்சறாதீங்க, சுத்தி வாங்க. இல்லீங்க, இப்ப ஒண்ணும் இல்ல. இருந்தா இந்நேரம் சேவல் ஊரைக் கூட்டியிருக்கும். பழக்கத்துல சொல்றேன். இந்த வளவுக்குள்ள ஆரு வந்தாலும் மொதல்ல இதைத்தான் சொல்லுவேன். அப்பறந்தான் தண்ணி வேணுங்களான்னே கேப்பேன்.

கட்டில்ல ஒக்காருங்க. இப்பத்தான் ஒதறிப் போட்டேன். பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்திருக்கற டீச்சர் நீங்கதானுங்களா? மளிகைக் கடைக்காரர் சொன்னாரு, ஊடு பாக்க வருவீங்கன்னு. அதோ, எதுத்தாப்பல பச்சைக் கதவு போட்டிருக்குது பாருங்க, அதுதான் ஊடு. தொறந்து காட்டறேன். என்ன அவசரம். இந்த வெயில்ல பஸ்ஸுக்கு நின்னு வந்திருக்கறீங்க, மொதல்ல மோரைக் குடியுங்க.

காட்டறதுக்கு முன்னால உள்ளதைச் சொல்லிப்போடறேன். மறைச்சு ஒருத்தரைக் குடி வெச்சு, அப்பறம் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அந்தப் பழி என்னைத்தான் சேரும்.

இங்க பாம்பு இருக்குதுங்க.

சிரிக்கறீங்க. தோட்டம்னா பாம்பு இருக்காதான்னு நெனைக்கறீங்க. இருக்குந்தான். நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்பவே இருந்துது. அந்தத் தட்டுப்போர் இருக்குது பாருங்க, மாட்டுக்குச் சோளத்தட்டு அடுக்கியிருக்கறமே, அதுக்கடியில ஒரு சாரை குடியிருந்துது. எங்க ஊட்டுக்காரர் இருந்த காலத்துல இருந்து அது அங்கதான். காத்தால வெயில் காய வெளிய வரும், எலியைத் தின்னும், உள்ள போயிரும். எங்களுக்கும் அதுக்கும் ஒரு சண்டையும் இல்ல. அது பாட்டுக்கு அது, நாங்க பாட்டுக்கு நாங்க.

அப்பறந்தான் வந்துது வினை. வடக்க பாருங்க, கண்ணாடிப் பலகையா மின்னுதா? கரண்டு எடுக்கறாங்களாமா வெயில்ல இருந்து. அதெல்லாம் மேட்டாங்காடு, அம்மிணி. கிளுவ வேலியும் கள்ளியும் கல்லுக் குமியலுமாக் கெடந்த காடு. வித்துப்போட்டாங்க. ரண்டு மிஷினைக் கொண்டாந்து ஒரே வழியா வழிச்சாங்க. ஒரு புல்லு மிச்சமில்ல. கட்டிக் குடுத்த ஊட்டுல ஒரு புள்ளைக்குப் போக்கிடம் இல்லீன்னா அவ அம்மா ஊட்டுக்குப் போவா. பாம்பு எங்கீங்க போகும்? காடு போனா எதுத்தாப்பல எது பச்சையா இருக்குதோ அங்கதான் வரும். இங்க வந்துது. எங்க வளவுல தட்டுப்போர் இருக்குது, தண்ணித் தொட்டி இருக்குது, கோழி இருக்குது. கோழிக்குப் போடற தீனியில எலி இருக்குது. அதுக்கு இதைவிட என்ன வேணும்?

எம்மகன் கோயமுத்தூர்ல இருக்கறான். அவன் போன்ல சொல்றான், “கோழியை வித்துப் போடும்மா, கோழி போனா எலி போகும், எலி போனா பாம்பு போகும்”னு. கணக்குச் சரிதானுங்க. படிச்சவனாச்சே. ஆனாக் கோழியில்லாத வாசல்ல காத்தால எந்திரிச்சு நான் என்னத்தைத் தொறந்து உடறது? கதவைத் தொறந்தா எதுக்குத் தொறந்தேன்னு இருக்காதா?

அலுத்துப் போச்சுங்க. பயம்னு நெனைக்காதீங்க. பயமெல்லாம் மொதல்ல கொஞ்ச நாளைக்கு. அப்பறம் அலுப்புத்தான். எதை எடுத்தாலும் தட்டோணும். செருப்பைத் தட்டோணும். குண்டாவைத் தட்டோணும். வெறகைத் தட்டித்தான் எடுக்கோணும். பொடக்காலிக்குக் குளிக்கப் போனா கதவைத் தட்டிப்போட்டுச் சித்த நேரம் நின்னு அப்பறம்தான் உள்ள போகோணும். என் பொழப்பே தட்டற பொழப்பா ஆயிப்போச்சு. மகன் ஊட்டுக்கு ஒருக்கா போயிருந்தேன். அங்கயும் பாத்ரூம் கதவைத் தட்டிட்டு நிக்கறேன். மருமக வந்து, “உள்ள ஆருங்கத்தை இருக்கறாங்க?”ன்னு கேக்கறா. என்னன்னு சொல்றது.

ஆங், ஊட்டுக் கதைக்கு வர்றேன். அது என் கொழுந்தனார் ஊடு. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிச்சப்ப, இந்த ஊடு எங்களுக்கு, அந்த ஊடு அவருக்கு. நடுவுல இந்த வாசல் பொது. ரண்டு பேருமே போயிச் சேந்துட்டாங்க. அப்பறம் இங்க நானும் அவர் சம்சாரமுந்தான். துளசிமணின்னு பேரு. அவளுக்கு ஒரே புள்ளை, திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது. இப்ப துளசி அங்கதான் இருக்கறா. பாம்புக்குப் பயந்துதாங்க போனா. அவ அதை வெளிய சொல்லிக்க மாட்டா, ஆனாப் பாம்புக்குப் பயந்துதான் போனா.

அவளைப் பத்தி நானே சொல்லக்கூடாது. நல்லவதான். கொஞ்சம் வாயி. போன்ல மககிட்டப் பேசினான்னா நாலு தோட்டத்துக்குக் கேக்கும். கோழிக்கெல்லாம் பேரு வெப்பா. எங்கோழிக்கும் அவதான் பேரு வெச்சா. மினுக்கி, கப்பக்காரி, சித்தாத்தா, ராங்கி. அவ வெச்சு அவ கூப்பிட்டுக் கூப்பிட்டு, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். ராத்திரி சோத்துக்கு ரண்டு ஊட்டுக்கும் ஒரே கொழம்புதான். ஒரு நாளைக்கு அவ வெப்பா, ஒரு நாளைக்கு நான் வெப்பேன். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, சண்டைக்காரங்கன்னு நீங்க நெனைச்சுக்கக்கூடாது.

அந்த வருசம், காடு வழிச்ச வருசம், தை முடிஞ்சு மாசி பொறந்திருக்கும். கோழியெல்லாம் நல்லா முட்டை வெக்கற பருவம். எங்க ஊட்டுல முட்டை காணாமப் போக ஆரம்பிச்சுது. காத்தால கோழி கொக்கரிச்சுட்டு எந்திரிச்சுப் போகும், நான் போயிப் பாத்தா கூட்டுல ஒண்ணும் இருக்காது. இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. ஓடு கெடக்கோணுமில்லீங்க? எலி தின்னா ஓடு கெடக்கும், காக்கா கொத்தினா ஓடு கெடக்கும், கீரி வந்தா ஒடைச்சு ஒழுகவுட்டுட்டுப் போயிருக்கும். ஒரு சில்லு ஓடு இல்ல. வெச்ச முட்டை வெச்ச எடத்துல இல்ல. அப்ப மனுசன்தான எடுத்திருக்கோணும்? இந்த வளவுல என்னை உட்டா வேற மனுசன் ஆருங்க?

நான் நேரடியாக் கேக்கல. அப்படிக் கேக்கற ஆளில்ல நான். வாசல்ல வந்து நிக்கற பால் வண்டிக்குப் பால் ஊத்த வந்த பொம்பளைங்க நின்னுட்டிருந்தாங்க. துளசியும் நின்னா. “இப்பெல்லாம் எங்க கோழி வெக்கற முட்டைக்குக் காலு மொளைச்சுருதுங்க, எதுத்த ஊட்டுல போயிக் குஞ்சாப் பொரியுது”ன்னு சொன்னேன். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவ கோழி அப்பத்தான் கூடை நெறையாக் குஞ்சு எறக்கியிருந்துது, அதுக்கு நானென்ன பண்றது?

துளசி பால் சொம்பை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. மக்யா நாள் விடிஞ்சதும் பாக்கறேன், இந்த வாசல் நடுவுல வேலமுள்ளைக் கொண்டாந்து போட்டுட்டிருக்கறா. அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும். முள்ளு வெட்டி, இழுத்துட்டு வந்து, தானே கல்லை வெச்சு அழுத்தி. “என்ன துளசி இது?”ங்கறேன். “உங்க கோழி இந்தப் பக்கம் வந்து முட்டை வெச்சுப்போடக்கூடாதுங்கக்கா, அதுக்குத்தான்”ங்கறா. எவ்வளவு ராங்கி பாருங்க. அன்னைக்கு நிறுத்தினதுதான் கொழம்பும். எனக்கு நான் வெச்சுக் குடிச்சேன், அவளுக்கு அவ. ஒரு ஆளுக்கு என்னத்தைங்க கொழம்பு வெக்கறது? நாலு வெங்காயம் அரிஞ்சாவே மிஞ்சிப் போகுது. மூணு நேரத்துக்கும் அதையே ஊத்திக்கறது.

அப்படியே கொஞ்ச நாள் போச்சு. ஒரு நாள் மத்தியானம் சேவல் ஒரு மாதிரி கத்துச்சு. பருந்தைப் பாத்தாக் கத்தற கத்து இல்ல, இது வேற. கழுத்தை நீட்டி, ஒரே எடத்துல நின்னு, விடாமக் கத்தும். போயிப் பாக்கறேன். கூட்டுக்குள்ள நல்லபாம்பு. என் கையத்தண்டி மொத்தம் இருக்கும். மினுக்கி வெச்ச முட்டையை வாயில வெச்சுக்கிட்டிருக்குது. ஒடைக்கலீங்க அம்மிணி. கடிக்கக்கூட இல்ல. அப்படியே முழுசா, மெதுவா, நாம லட்டை வாயில போடற மாதிரி. அதோட கழுத்துல அந்த முட்டை எறங்கறது எனக்குத் தெரியுது. உருண்டையா, சின்னச் சின்னதா நகந்து நகந்து போகுது.

பக்கத்துல மூச்சுச் சத்தம் கேக்குது. திரும்பறேன், துளசி. முள்ளுக்கு அந்தப் பக்கம் நின்னு எட்டிப் பாத்துட்டிருக்கறா. ரண்டு பேரும் பாத்தோம். அது தின்னு முடிச்சு, அவசரமே இல்லாம, கல்லுச் சந்துக்குள்ள போற வரைக்கும் பாத்தோம். அப்பறம் அவ, “பாத்துக்கிட்டீங்களாக்கா?”ன்னா. அது ஒரு வார்த்தைதான். சொல்லிப்போட்டு என் மூஞ்சியையே பாத்துட்டு நின்னா.

நான் என்ன சொல்லோணும்ங்கறீங்க? பாம்பு தின்னதைக் கண்ணால பாத்தாச்சு, சரி. இல்லீன்னு சொன்னேனா? அன்னைக்கு முட்டையைப் பாம்பு தின்னுது. அதுக்கு முந்தின முட்டையெல்லாம் ஆரு கண்டா? ஒரு முட்டை பாம்பு தின்னா எல்லா முட்டையும் பாம்பு தின்னுதுன்னு ஆயிருமா? நான் அதை வாய்விட்டுச் சொல்லல. “சரி, உனக்கு வேலை இருக்கும், போ”ன்னு மட்டுஞ் சொன்னேன். அவளும் போயிட்டா. முள்ளை எடுப்பான்னு பாத்தேன். எடுக்கல.

ஃபயர் சர்வீசுக்குச் சொல்லிப் பாத்தமுங்க. கொக்கி, கோணிப்பையோட வந்தாங்க, நல்ல மனுசங்க. தட்டுப்போரைப் பிரிச்சு, அந்தப் பழைய சாரையைப் புடிச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு பாவமும் பண்ணாத சாரை. நல்லபாம்பு கெடைக்கல. “நாங்க என்னங்கம்மா பண்றது, கல்லைப் பூராப் பேத்துத்தான் பாக்கோணும்”னுட்டாங்க. சாரை போனதுக்கப்பறம் எலி இன்னும் பெருகிப்போச்சு. எலிக்கு இன்னும் ரண்டு பாம்பு வந்துது. எதைத் தொட்டாலும் இப்படித்தான்.

இனி சொல்லப்போறதுதான் முக்கியம். கையைப் பாருங்க. இந்த வலது கை. தொட்டுப் பாருங்க, பரவால்ல. தோலு மினுமினுன்னு இருக்குதா? அது சதை கறுத்து அழுகினதுல, ஆஸ்பத்திரியில தொடையில இருந்து தோலு எடுத்து ஒட்டினது.

பொழுது எறங்கற நேரம். கோழியெல்லாம் அடையற நேரம். கூட்டுக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு ஒண்ணும் உள்ள போக மாட்டேங்குது. சுத்திச் சுத்தி வருது, கத்துது, போக மாட்டேங்குது. எனக்கானா எரிச்சல். முந்தின நாளு ஒண்டியாக் கெணத்து மோட்டாரோட மல்லுக்கட்டி ஒடம்பெல்லாம் வலி. தட்டாம எதையும் தொடாதவ நான், அன்னைக்குத் தட்டல. கோழி சொல்லுது, எனக்குக் கேக்கல. குனிஞ்சு, உள்ள முட்டைச் சட்டியை நகத்தலாம்னு கையை உட்டேன்.

முள்ளுக் குத்தின மாதிரிதாங்க இருந்துது. வேற ஒண்ணுமில்ல. கையை எடுத்துப் பாத்தேன், ரண்டு சொட்டு ரத்தம். உள்ள அது படமெடுத்து நிக்குது. அப்பத்தான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன்னு எனக்கு ஞாபகமில்ல. “துளசி”ன்னு கத்தினேன்னு அவ சொல்றா. இருக்காது. அவகிட்டப் பேசியே மாசமாச்சு.

அவ அந்த வேலமுள்ளைத் தாண்டி வந்தா. தாண்டினாளா, மிதிச்சாளா, எனக்குத் தெரியாது. செருப்பில்லாம வந்தா. வந்தவ ஒரு கேள்வி கேக்கல. மொபெட்டை எடுத்தா. என்னைப் பின்னால ஒக்கார வெச்சு, அவ இன்னொரு சீலையைக் கொண்டாந்து என்னையும் அவளையும் சேத்து இடுப்புல கட்டினா. நான் மயங்கி உழுந்துறக் கூடாதுன்னு. முடிச்சை எவ்வளவு இறுக்கமாப் போட்டான்னா, பாம்புக் கடியில சாகறனோ இல்லியோ மூச்சு முட்டிச் செத்துருவேன்னு நெனைச்சேன்.

இங்கிருந்து தாராபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவ வாய் மூடலீங்க. அதான் சொன்னனே, வாயின்னு. “அக்கா தூங்காதீங்க, அக்கா பேசுங்க, கோழி பேரெல்லாம் சொல்லுங்க பாக்கலாம்”ங்கறா. சாகப்போறவகிட்டக் கோழி பேரு கேக்கறா. நானும் சொன்னேன். மினுக்கி, கப்பக்காரி, சித்தாத்தா, ராங்கி. “இன்னும், இன்னும்”ங்கறா. என் கோழி தீந்துபோச்சு. “எங்கோழி பேரு சொல்லுங்க”ங்கறா. அதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல நாக்குத் தடிச்சுப் போச்சு. கண்ணு ரப்பை தானா மூடுது. தூக்கம் இல்ல. ரப்பையைத் தூக்கப் பலமில்ல. அவ முதுகுல தலையைச் சாச்சுட்டேன். அவ முதுகு நடுங்கிட்டே இருந்துது. வண்டி குலுங்குதுன்னு நெனைச்சேன்.

ஆஸ்பத்திரியில தொண்டையில குழாயை வெச்சுட்டாங்க. கண்ணு தொறக்க முடியாது, பேச முடியாது, ஒரு வெரலை அசைக்க முடியாது. எல்லாரும் நான் நெனவு தப்பிக் கெடக்கறேன்னு நெனைச்சாங்க. ஆனா எனக்குக் காது கேக்குதுங்க. ஒவ்வொண்ணும் கேக்குது. ஊசி வண்டி உருள்றது, நர்சு சிரிக்கறது, ஃபேனு கிறீச்சுங்கறது. அப்பத் துளசி டாக்டர்கிட்டச் சொல்றா, “எங்கக்காளை எப்படியாச்சும் காப்பாத்திக் குடுத்துருங்க சாமி, எனக்கு வேற ஆருமில்ல.”

நீங்களே சொல்லுங்க. மக இருக்குது, மருமகன் இருக்கறாரு, பேத்தி இருக்குது. எப்படி ஆருமில்லைன்னு சொல்றது? நாலு பேர் இருக்கற எடத்துல பேசறப்ப அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் சேத்துப் பேசற பழக்கம். கெடந்துட்டே அதைத்தான் நெனைச்சேன். கண்ணுல தண்ணி வந்துச்சாம், நர்சு தொடைச்சுவுட்டாங்களாம். அது மருந்துக்கு வந்திருக்கும்.

பொழைச்சுட்டேன். எம்மகன் வந்தான், பாத்தான், லீவு இல்லைன்னு போயிட்டான். அவனைச் சொல்லக் குத்தமில்ல. கூட இருந்ததெல்லாம் துளசிதான். துணி அலசினா, கஞ்சி ஊட்டினா, கையில சீழ் வடியறப்ப மூஞ்சியைச் சுளிக்காமத் தொடைச்சா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா காலைச் சாச்சுச் சாச்சு நடப்பா. ஆஸ்பத்திரியில வர்றவங்க போறவங்க எல்லாரும் அவளைத்தான், “என்னம்மா காலுல?”ன்னு கேட்டாங்க. பாம்பு கடிச்சவ நான் படுத்துக் கெடக்கறேன். முள்ளு ஏறிச் சீழ் வெச்சிருக்குதாமா. அங்கயே ஒருக்கா காட்டி எடுத்துக்கறதுக்கு என்ன? “அப்பறம் பாத்துக்கலாங்க”ன்னுட்டே சுத்தினா.

ஒரு வழியா ஊட்டுக்கு வந்தோம். வாடகைக் காருல வந்து எறங்கறோம். வளவுக்குள்ள கால் வெக்கறேன், ஒரு சத்தமில்ல. சேவல் இல்ல. கோழி இல்ல. கூடு தொறந்தே கெடக்குது. இறகு மட்டும் காத்துல ஓடுது. பாம்பும் கீரியும் நாயும் வேணுங்கற மட்டும் தின்னுருக்குது. கப்பக்காரியை அடைக்கு வெச்சிருந்தனுங்க. பாம்பு கடிச்ச அன்னைக்கு, இன்னும் ரண்டொரு நாள்ல பொரிக்க வேண்டிய முட்டை. அவளும் இல்ல, முட்டையும் இல்ல.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. செத்துப் பொழைச்சு வந்திருக்கறேன், வாசல்ல ஒரு உசுரு இல்ல. நான் கேட்டேன், “துளசி, வண்டி எடுக்கறப்ப அந்தக் கூட்டைச் சாத்திப்போட்டு வந்திருக்கலாமில்ல?”

வேற ஒண்ணுமே சொல்லலீங்க. சத்தம் போட்டுக்கூடக் கேக்கல. தொண்டையில குழாய் இருந்த புண்ணு, சத்தம் எங்க வருது? ஒரு கோழியைப் பத்திக் கேட்டேன். நம்ம பொருளைப் பத்தி நாம கேக்கக்கூடாதா?

அவ என் துணிப்பையைக் கையில வெச்சுட்டு நின்னா.  “சாத்தியிருக்கலாங்கக்கா”ன்னா. பையை இதோ இந்தக் கட்டில்ல வெச்சா. நொண்டிக்கிட்டே போயி, அவ ஊட்டுக் கதவைத் தொறந்து உள்ள போயிட்டா. அவ கோழியும் ஒண்ணு மிச்சமில்லாமப் போயிருந்துதுங்க. அவ அதைச் சொல்லவே இல்ல. நானும் அப்பறந்தான் பாத்தேன். சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனா?

அடுத்த வாரத்துல மக வண்டி கொண்டாந்து அவளைக் கூட்டிட்டுப் போயிருச்சு. போறப்பச் சொல்லிட்டுத்தான் போனா, மரியாதைக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல. “போயிட்டு வரட்டுங்களாக்கா”ன்னா. “பாம்பு இருக்கற எடத்துல உனக்கு என்ன, போ, மக ஊட்டுல நிம்மதியா இரு”ன்னேன். பாம்புதாங்க காரணம். என் கையைப் பாத்ததுல இருந்து அவளுக்குப் பயம் புடிச்சுப் போச்சு. அந்த வேலமுள்ளை மட்டும் போறதுக்கு முந்தின நாளு ஒண்ணு உடாமப் பொறுக்கி எரிச்சுப்போட்டா. வாசலைக் கூட்டி, சாணி தெளிச்சு, சுத்தமா வெச்சுட்டுப் போனா.

நான் மறுக்கா கோழி வாங்கினேன். இதெல்லாம் புதுசு. பேரு வெக்கல. வெக்கறதுக்கு எனக்கு வராது. பாம்பும் வருது. இப்ப நான் ஒண்ணும் பண்றதில்ல. முட்டை இருந்தா எடுத்துக்கறேன், இல்லாட்டி அது தின்னுட்டுதுன்னு போயிர்றேன். மல்லுக்கு நிக்கறதுக்கு ஆருக்குங்க தெம்பு இருக்குது.

துளசி மகதான் போன் பண்ணிச் சொன்னா, “பெரிம்மா, ஊடு சும்மா கெடந்தாக் கறையான் அரிச்சுரும், ஆராச்சும் நல்ல மனுசங்களா வந்தா உடுங்க”ன்னு. நானும் வர்றவங்களுக்கெல்லாம் காட்டறேன். மில்லுல வேலை பாக்கறவங்க வந்தாங்க, கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனிக்காரர் வந்தாரு, புதுசாக் கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்துது. எல்லாருக்கும் இதே மாதிரி மோர் குடுத்து, உள்ளதைச் சொன்னேன். ஒருத்தரும் திரும்பி வரல. நானென்ன பண்றது? பொய் சொல்லியா குடி வெக்க முடியும்?

என்னங்க?

பயமில்லீங்களா?

ஓ, உங்களுக்குச் சொந்த ஊரு மலைங்களா. உங்கப்பா தேயிலைத் தோட்டத்துல வேலைங்களா. அட்டை, பாம்பு எல்லாம் பழக்கமுங்களா. சரி, சரி. இல்லீங்க, நல்லதுதான். சந்தோசந்தான். இருந்தாலும் தண்ணி இங்க உப்பு. சோறு பொங்கினா மஞ்சளா இருக்கும். ஓ, கேன் தண்ணி வாங்கிக்குவீங்களா. கரண்டும் அடிக்கடி போயிரும். பொடக்காலியில கூரை இல்ல. கூரை போட்டுக்கறீங்களா, உங்க செலவுல. அதுல ஒரு ரூம்ல துளசி சாமானெல்லாம் இருக்குது, கட்டில், பீரோ, அவ ஊட்டுக்காரர் படம். அதை அப்படியே வெச்சுட்டு இருந்துக்கறீங்களா. ம்.

கோழி கூட வளப்பீங்களா?

இல்லீங்க அம்மிணி. தப்பா நெனைச்சுக்காதீங்க. முடியாதுங்க. உங்களைச் சொல்லல, நீங்க தங்கமான புள்ளை, பாத்தாவே தெரியுது. ஆனா நாளைக்கே அவ மக ஊட்டுல மனசு ஒப்பாம வந்து வாசல்ல நின்னா எங்கீங்க படுப்பா? என் ஊட்டுல படுக்க மாட்டா, அவ ராங்கிக்காரி. வரமாட்டா. எனக்குத் தெரியும், வரமாட்டா. இருந்தாலும் கேக்கறேன், வந்தா?

மாரியம்மங்கோயிலுக்குப் பின்னால ஓட்டு ஊடு ஒண்ணு காலியாக் கெடக்குது. பட்டத்தரசின்னு ஒரு பொம்பளை, நல்ல மாதிரி. பள்ளிக்கூடத்துக்கும் கிட்ட. நான் சொன்னேன்னு சொல்லுங்க, தருவா. டம்ளரை அப்படியே வெச்சுருங்க, நான் கழுவிக்கறேன்.

நீங்க போனதும் நான் துளசிக்குப் போன் போடோணும். ஊடு பாக்க ஒவ்வொருத்தர் வந்துட்டுப் போறப்பவும் சொல்லோணுமில்லீங்க, அவ ஊடாச்சே. மத்த விசயத்துக்குப் போட்டா அடிச்சுட்டே கெடக்கும், எடுக்க மாட்டா. ஊடு விசயம்னா எடுப்பா. “டீச்சர் ஒருத்தர் வந்தாங்க, பாம்புன்னதும் போயிட்டாங்க”ன்னு சொல்லுவேன். “சரிங்கக்கா”ம்பா. அவ்வளவுதான் பேச்சு. போன தடவை போனை வெக்கறதுக்கு முன்னால, “கை எப்படிங்கக்கா இருக்குது?”ன்னு கேட்டா. ஆறிப்போச்சுங்க கை. வெரல் நல்லா மடங்குது, வெங்காயம் அரியறேன், மாட்டுல பால் கறக்கறேன். ஆனா அவகிட்ட அப்படிச் சொல்லல. இன்னும் மரத்துத்தான் கெடக்குது, ராத்திரியில குத்துதுன்னு சொன்னேன். தேவலைன்னு நான் சொல்லிப்போட்டா, அடுத்த தடவை அவ என்னத்தைங்க கேப்பா?